எருக்கஞ்செடிக்குக் கட்டிய தாலி

மைசூர் மண்டி மொஹல்லாவில் பாப்பாத்தியைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால், அவர் அந்தப் பக்கத்துக் கல்யாணம் ஒன்றில்கூடச் சாப்பிடாதவர் என்று அர்த்தம். அங்கே ஒரு பழைய கல்யாணச் சத்திரம் இருந்தது. அதைக் கூட்டித் துடைப்பது, எச்சில் இலை எடுப்பது, முகூர்த்தம் முடிந்ததும் சிதறிக் கிடக்கும் அட்சதையைப் பெருக்கி வெளியே கொட்டுவது எல்லாம் அவள் வேலை. இருபது வருஷத்துக்கு மேல் அங்கேயே கிடந்தாள். ஆனால் இத்தனை வருஷத்தில் எத்தனை கல்யாணம் பார்த்தாய் என்று கேட்டால், ஒன்றுகூடப் பார்த்ததில்லை என்பாள். கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் அவள் பின்கட்டுக் குழாயடியில் நின்றுகொள்ள வேண்டும். வெள்ளைச் சேலைக்காரி எதிரே வந்தால் மாப்பிள்ளைக்கு ஆகாதாம். அந்த மாப்பிள்ளைகளின் தோழர்கள் முதல்நாள் குடித்துவிட்டு வாந்தியெடுத்ததைக் கழுவிவிட்டவளும் அவள்தான். அதற்கு மட்டும் யாரும் சாஸ்திரம் பார்த்ததாகத் தெரியவில்லை.

பிறந்தது மாதேஸ்வரன் மலைப் பக்கத்துக் கௌதள்ளியில். பதினாறு வயதில் கரியப்பனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கொத்தனார். கல்யாணமான கையோடு மைசூருக்குக் கூட்டிவந்துவிட்டான். பழனி பிறந்து, தத்தக்கா பித்தக்கா என்று நடக்கத் தொடங்கிய சமயத்தில் கரியப்பன் சாரம் சரிந்து விழுந்து செத்துப்போனான். ஊருக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

கருமாதியன்று பாப்பாத்தியை உட்காரவைத்து, மஞ்சள் பூசி, தலை நிறையப் பூ வைத்து, இரண்டு கையிலும் வளையலை அடுக்கினார்கள். எல்லாம் பறிப்பதற்காகத்தான். பூவைப் பிய்த்தார்கள், கயிற்றை அறுத்தார்கள். கையைக் கல்லின்மேல் வைத்து வளையலை உடைத்தபோது ஒரு துண்டு மணிக்கட்டில் ஏறியது. கூட ஓடியாடி விளையாடிய சரசுகூட, தாலி அறுத்தவள் முகத்தில் முதலில் விழிக்கக் கூடாதென்று சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். புருஷன் செத்ததைவிட அதுதான் பாப்பாத்தியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது. அப்போது அவளுக்கு இருபது வயது. இருபது வயது என்றால் என்ன, இன்றைக்கெல்லாம் அந்த வயதில் பெண்கள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மைசூருக்கே திரும்பிவிட்டாள். சத்திரத்து வேலை கிடைத்தது. பந்தியில் மிஞ்சிய சாம்பாரிலும் லட்டிலும் பழனி வளர்ந்தான். நன்றாகப் படித்தான். பட்டுப்புழு வளர்ப்பில் டிப்ளமா வாங்கி, புழு முட்டை தயாரித்து விற்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தான்.

அந்த முட்டைகள் கடுகைவிடச் சின்னவை. அட்டையில் ஒட்டவைத்தது மாதிரி இருக்கும். பத்துப் பதினோரு நாளில் பொரிந்துவிடும். வெயிலில் ரயிலேற்றி அனுப்பினால் போய்ச் சேர்வதற்குள் கெட்டுவிடும் என்பதால், வடகிழக்கு மலைப் பக்கத்திலிருந்து ஆர்டர் வந்தால் ஓர் ஆள் விமானத்தில் மடியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். அந்த ஆள் பழனி. சத்திரத்தில் இலை எடுப்பவள் மகன் ஏரோப்ளேனில் போகிறான் என்பதைப் பாப்பாத்தி சொல்லாத ஆளில்லை. காய்கறிக்காரர், பால்காரர், கரண்ட் கணக்கெடுக்க வந்தவர் எல்லோரிடமும் சொன்னாள். கேட்காதவர்களிடமும் சொன்னாள். சொல்லட்டுமே, அவளுக்கு வேறு என்ன இருந்தது?

தொண்ணூற்று நான்காம் வருஷம் ஆனி மாதம். கிளம்பும்போது பழனி, "வந்ததும் உன்கிட்ட ஒரு சங்கதி சொல்லோணும்மா. கோவிச்சுக்கக் கூடாது" என்றான்.

"கோவிச்சுக்கற சங்கதின்னா இப்பவே சொல்லிப்போடு. திட்டி அனுப்பறன்" என்றாள் பாப்பாத்தி. அவன் சிரித்துக்கொண்டே முட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

சத்திரத்தில் முகூர்த்தம் நடந்துகொண்டிருந்த ஒரு நாள், கம்பெனி மேனேஜர் மேக்ஸ்வெல் நனைந்துகொண்டே ஸ்கூட்டரில் வந்தார். பாப்பாத்தி வழக்கம்போலக் குழாயடியில் நின்றிருந்தாள். உள்ளே கெட்டிமேளம். அந்தச் சத்தத்தில் அவர் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"பழனி போன ப்ளேன் இன்னும் எறங்கலைம்மா. கல்கத்தாவுல இருந்து கெளம்பிருச்சு. மலைப் பக்கம் ஒரே மழை, மேகம். தேடிட்டு இருக்காங்க."

பாப்பாத்திக்கு விளங்கவில்லை. "எறங்கலைன்னா எங்கீங்க நிக்குது?" என்று கேட்டாள்.

மேக்ஸ்வெல் தொப்பலாக நனைந்த கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் மறுபடி கேட்டாள். "பஸ்ஸுன்னா ரோட்டோரம் நிக்கும். அது எங்க சாமி நிக்கும்?"

அதன்பிறகு வந்த நாட்களை வாழ்ந்த நாட்கள் என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு டிவியில் செய்தி வரும் நேரமெல்லாம் வாசலில் போய் நின்றாள். கன்னடச் செய்தி, இந்திச் செய்தி, புரிந்ததோ புரியவில்லையோ, எல்லாவற்றையும் கேட்டாள். மோசமான வானிலையால் தேடும் பணி நிறுத்தம் என்றார்கள். மறுநாளும் அதையே சொன்னார்கள். மழை பெய்தால் தேடக் கூடாதா? இவர்கள் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் குடையைப் பிடித்துக்கொண்டாவது போகமாட்டார்களா? அவள் வாய்விட்டே கேட்டாள். டிவிக்கா காது கேட்கும்!

விமானம் மலையில் மோதியிருக்கலாம் என்று ஒருநாள் சொன்னார்கள். மலை என்ன ஓடி வந்தா மோதும், இருக்கிற இடத்தில்தானே இருக்கும், ஓட்டுகிறவனுக்குக் கண் தெரியாதா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தோடு தெருவுக்கு வந்து சாமுண்டி மலை இருக்கும் திக்கைப் பார்த்தாள். அங்கே மலையே இல்லை. மழை மேகம் அடிவாரம்வரை இறங்கி மூடியிருந்தது. இத்தனை வருஷமாகத் தினமும் பார்த்த மலை எங்கே இருக்கிறது என்று கை நீட்டிக் காட்டச் சொன்னால் அவளால் காட்டியிருக்க முடியாது.

அவள் ஊர்ச் சாமி மாதேஸ்வரன். மலைமேல் இருக்கிற சாமி. "நீயும் மலைக்காரன்தான சாமி, அந்த மலைகிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா? எம் புள்ள ஆருக்கும் ஒரு கெடுதலும் நெனைக்காதவன். எங்கயாச்சும் ஒரு மரத்துல தங்கவெச்சிரு. கை கால் போனாலும் பரவால்ல. நான் தூக்கி வெச்சுச் சோறு போடறன்" என்று சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். கை கால் போனாலும் பரவாயில்லை என்று ஒரு தாய் பேரம் பேசுகிற நிலைமை எந்தத் தாய்க்கும் வரக் கூடாது.

அந்த நாட்களில் ஒரு பெண் தினமும் வந்தாள். பெயர் ஜீவிதா. பழனியின் கம்பெனியிலேயே மைக்ராஸ்கோப்பில் பட்டுப்பூச்சிக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். அப்பா சீனிவாசன், மில் ஒன்றில் ஃபோர்மேன். நாலு பேர் மதிக்கிற குடும்பம். "ஆபீஸ்ல கூட வேலை செய்யறேன் ஆண்ட்டி" என்று வந்து சுவரோரமாக உட்கார்ந்துகொள்வாள். காபி கொடுத்தால் ஆறி ஏடு கட்டும்வரை கையில் வைத்திருப்பாள். பாப்பாத்திக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆபீஸ்காரிக்கு என்ன இவ்வளவு அழுகை என்று நினைத்தாள். ஆனால் ஒருநாள் அவள் வரத் தாமதமானபோது, பாப்பாத்தியே சந்து முனைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மற்றவர்கள் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். இந்தப் பெண் ஒருத்திதான் ஆறுதல் சொல்லாமல் கூட உட்கார்ந்திருந்தாள்.

மழை விட்டது. தேடப் போனவர்கள் மலையேறினார்கள். விமானம் மேகத்துக்குள்ளேயே போய் உச்சிக்குக் கொஞ்சம் கீழே மோதி நொறுங்கிக் கிடந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. மேக்ஸ்வெல் வந்து வாசலில் செருப்பைக் கழற்றி, தலையைக் குனிந்தபடி நின்றார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே ஜீவிதா மயங்கிச் சரிந்தாள்.

பாப்பாத்திக்கு அலறக்கூட அவகாசம் கிடைக்கவில்லை. பெண்ணை உள்ளே இழுத்துப் படுக்கவைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, மூச்சுவிடட்டும் என்று ஜாக்கெட்டின் மேல்கொக்கியைக் கழற்றினாள். உள்ளே மஞ்சள் கயிறு. மஞ்சள் இன்னும் வெளுக்காத புதுக் கயிறு. பொட்டுத்தாலி.

ஜீவிதா கண்ணைத் திறந்தபோது பாப்பாத்தியின் கை அந்தக் கயிற்றின் மேல் இருந்தது.

"வைகாசியிலதான் கட்டுனாரு அத்தே. ஸ்ரீரங்கப்பட்டணத்துல, ஆத்தங்கரையில ஒரு சின்னக் கோயில்ல. இந்த டிரிப் முடிஞ்சு வந்து உங்ககிட்டயும் எங்கப்பாகிட்டயும் சொல்லலாம்னு..."

அத்தே என்று அந்தப் பெண் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பாப்பாத்தி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு அழுதார்கள். பழனி சொல்ல நினைத்த சங்கதி இதுதான். கோபித்துக்கொண்டிருப்பாளா? நன்றாகக் கோபித்திருப்பாள். நாலு நாள் பேசாமல் இருந்திருப்பாள். அப்புறம் யாருமில்லாத நேரம் பார்த்து மருமகளுக்குத் தலை பின்னிவிட்டிருப்பாள். அதெல்லாம் இனி எங்கே?

கொக்கியைத் திரும்ப மாட்டி, சேலையை இழுத்து மூடிவிட்டாள். "ஆருகிட்டயும் சொல்லாத கண்ணு" என்றாள். "எங்கிட்டச் சொன்ன மாதிரி ஆருகிட்டயும் சொல்லிப்போடாத."

மேக்ஸ்வெல் நல்ல மனிதர், அங்கேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். யார் யாரென்று பிரிக்க முடியாதவர்களை அங்கேயே ஒன்றாக எரித்துவிட்டார்களாம். ஒரு துணியில் அந்த மண்ணைக் கொஞ்சம் முடிந்து கொண்டுவந்தார். பாப்பாத்தி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் தடவிக்கொண்டே இருந்தாள்.

கௌதள்ளியிலிருந்து அவள் அண்ணன் மல்லப்பன் சொந்தபந்தங்களோடு வந்திறங்கினார். கெட்டவர் இல்லை. தங்கைக்கு விழுந்த அடியில் அவரும் உடைந்துதான் போயிருந்தார். ஆனால் முறை என்று வந்துவிட்டால் அவருக்கு மனுஷர் தெரியாது. "கல்யாணமாகாத பையன அப்படியே அனுப்பப்படாது தாயி. எருக்குக்குத் தாலி கட்டித்தான் கருமாதி பண்ணோணும்" என்றார். அவர்கள் வழக்கம் அது. மணமாகாமல் செத்தவனுக்கு எருக்கஞ்செடியைப் பெண்ணாக வைத்துத் தாலி கட்டி, உடனே அந்தத் தாலியை அறுத்து, செடியையும் வெட்டிப் போட்டுவிடுவார்கள். உடம்பு இல்லாததால் அவன் சட்டையை மணையில் வைத்து, அதன் கைப்பக்கத்தைப் பிடித்துக் கட்டுவது என்று முடிவாயிற்று. பாப்பாத்தி சரியென்று தலையாட்டினாள். ஜீவிதாவுக்குப் பதில் அந்தச் செடி விதவையாகட்டும் என்றுதான் அவள் நினைத்தாள்.

ஜீவிதாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. மத்தியானம் பாப்பாத்தி குடத்தோடு போயிருந்த சத்திரத்துக் குழாயடிக்கே வந்துவிட்டாள்.

"என் கழுத்துல கட்டிட்டுப் போயிருக்காரு. அந்தச் செடி யாரு அத்தே? வேண்டாம், பேடா. எனக்கு இது பேடவே பேடா. நானே வந்து உக்காந்துக்கறேன்."

"உக்காந்தா என்ன பண்ணுவாங்கன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். பண்ணட்டும்."

பாப்பாத்தி தன் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். பழைய வடு, வெள்ளையாக. "இது ஒண்ணுமில்ல கண்ணு, ஆறிப்போச்சு. ஆறாதது வேற இருக்குது. இந்தக் கொழாயடியப் பாரு. உள்ளார மேளம் கொட்டறப்பெல்லாம் நான் இங்கதான் நிக்கறன். எனக்காச்சும் மடியில ஒரு புள்ள இருந்தான், அவனப் பாத்துக்கிட்டு நின்னுட்டன். உனக்கு ஆரு இருக்கா? ஒரு மாசம்கூட ஆகல, ஒரு வீட்டுல ஒண்ணா ஒலை வெச்சுக் கஞ்சி குடிக்கல. உன்ற அப்பா நாளைக்கு ஒரு எடம் பாப்பாரு. நீ போயிரு."

"நான் அவரு பொண்டாட்டி. அழறதுக்குக்கூட எனக்கு உரிமை இல்லையா?"

"அழு. வந்து நல்லா அழு. ஆபீஸ்காரியா அழு."

ஜீவிதா அவளையே வெறித்துப் பார்த்தாள். பிறகு திரும்பிப் போய்விட்டாள். புரிந்துகொண்டாள் என்று பாப்பாத்தி நினைத்தாள். அது அவள் தப்புக் கணக்கு.

கருமாதியன்று காலையில் தூறல். வீட்டு வாசலில் சின்னதாகப் பந்தல் போட்டு, தொட்டியில் எருக்கை நட்டு, மஞ்சள் துணி சுற்றி வைத்திருந்தார்கள். மணையில் பழனியின் நீலச் சட்டை. மல்லப்பன் சட்டையின் கைப்பக்கத்தில் மஞ்சள் கயிற்றைக் கோத்துக்கொண்டிருந்தார். அப்போது ஜீவிதா சந்துக்குள் வந்தாள். தாலியை எடுத்துச் சேலைக்கு மேலே போட்டிருந்தாள். பின்னாலேயே அவள் அப்பா சீனிவாசன், "வேண்டாம்மா, வீட்டுக்கு வாம்மா" என்று கெஞ்சிக்கொண்டே வந்தார். அவருக்கே அன்று காலையில்தான் தெரியும் போலிருக்கிறது. சட்டைப் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டிருந்தார்.

"அந்தச் செடிய எடுத்துடுங்க. நான்தான் அவரு பொண்டாட்டி" என்றாள் ஜீவிதா.

மல்லப்பன் எழுந்து அவள் கழுத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை. "நெசமா இருந்தா எருக்கு எதுக்கு? நீ உக்காரு தாயி. முறைப்படி பண்ணிப்போடலாம்" என்றார். பெண்கள் பக்கம் திரும்பி, "பூவும் வளையலும் வாங்கியாரச் சொல்லுங்க" என்றார்.

ஜீவிதா மணைக்குப் பக்கத்தில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள். ஒருத்தி வளையல் வாங்கக் கிளம்பினாள். இன்னொருத்தி கல் தேடினாள். அவர்கள் முகத்தில் துக்கம் இருந்தது, ஆனால் கால் தயங்கவில்லை. இப்படித்தான் அன்றைக்கும் கிளம்பியிருப்பார்கள் என்று பாப்பாத்தி நினைத்தாள்.

"எந்திரிடி!" என்றாள்.

அவளுக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. "இவ பொய் சொல்றா. என்ற மவனுக்கும் இவளுக்கும் ஒண்ணுமில்ல. இவளா ஆசப்பட்டுச் சுத்திக்கிட்டிருந்தா. அவனுக்கு இவளக் கண்டாவே ஆகாது. அந்தக் கயிறு இவளே கட்டிக்கிட்டு வந்தது."

"அத்தே!" என்று ஜீவிதா அலறினாள். "நீங்க பாத்தீங்களே! உங்ககிட்டச் சொன்னனே! ஸ்ரீரங்கப்பட்டணம் பூசாரியக் கேளுங்க, அவரு சொல்லுவாரு!"

"ஆரடி உனக்கு அத்தை?"

மல்லப்பன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பூசாரி எதுக்கு? பெத்தவ சொல்லட்டும். பாப்பாத்தி, கற்பூரத்த அடிச்சுச் சத்தியம் பண்ணு. அத்தோட முடிஞ்சுது" என்றார்.

தாம்பாளத்தில் கற்பூரம் ஏற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள். கற்பூரம் அடித்துப் பொய்ச்சத்தியம் செய்தால் பெற்ற பிள்ளைக்கு ஆகாது. அந்தச் சாதிசனத்தில் அதற்குப் பயப்படாதவர்கள் கிடையாது. நிலத் தகராறில் கோர்ட்டுக்குப் போய்க் கூசாமல் பொய் சொல்லிவிட்டு வந்தவர்கள்கூட, கற்பூரத்தைக் கண்டால் பின்வாங்கிவிடுவார்கள். பாப்பாத்தியும் ஆயுசு முழுக்கப் பழனிக்காகவே பயந்தவள். அவன் தலைமேல் கை வைத்து விளையாட்டுக்குக்கூட ஒரு சத்தியம் செய்ததில்லை. இப்போது எரிகிற கற்பூரத்தைப் பார்த்தாள். இனி யாருக்கு ஆகாமல் போகப்போகிறது? இழக்க இருந்த ஒன்றும் எங்கேயோ பேர் தெரியாத மலையில் சாம்பலாகிவிட்டது.

"என்ற மவன் கல்யாணமாகாமத்தான் போனான். இது சத்தியம்" என்று சொல்லி, உள்ளங்கையால் ஓங்கிக் கற்பூரத்தை அடித்தாள். அணைந்தது. தோல் பொசுங்கிய வாடை வந்தது. கையை எடுக்காமல் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

அவ்வளவுதான். மல்லப்பன் உட்கார்ந்து வேலையைப் பார்க்கத் தொடங்கினார். நீலச் சட்டையின் கை எருக்குக்குத் தாலி கட்டியது. கட்டிய கயிற்றை அறுத்தார்கள். செடியை வெட்டினார்கள். ஜீவிதாவை இரண்டு பெண்கள் தூக்கி ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். அறுத்த கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் புருஷனுக்குத் தான் யாருமில்லை என்று ஊர் கூடி எழுதிவிட்டதைப் பார்த்துக்கொண்டு நிற்பதென்றால் சும்மாவா?

சீனிவாசன் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது பாப்பாத்தியின் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. கண் கலங்க, கும்பிடக் கையெடுத்தார். பாப்பாத்தி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கும்பிட்டால் பெண்ணுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் அவள் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வாள். சீனிவாசன் கையைக் கீழே இறக்கிக்கொண்டார்.

சந்து முனையில் ஆட்டோவில் ஏறப்போன ஜீவிதா நின்று திரும்பினாள்.

"செத்துப்போன மகன் பேர்ல பொய்ச்சத்தியம் பண்ணுனீங்களே, நீங்கல்லாம் ஒரு அம்மாவா? இனி உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்!"

சந்தில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். பாப்பாத்தி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணு என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் போதும், அந்தப் பெண் ஓடி வந்து மடியில் விழுந்திருப்பாள். பழனியைப் பற்றிப் பேசுவதற்கு இந்த உலகத்தில் பாப்பாத்திக்கு மிச்சமிருந்த ஒரே ஆள் அவள்தான். நாக்கு நுனிவரை வந்த வார்த்தையைப் பாப்பாத்தி பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினாள். ஆட்டோ புறப்பட்டுப் போயிற்று.

சொந்தக்காரர்கள் தலைமுழுகக் குழாயடிக்குப் போய்விட்டார்கள். வீட்டில் யாருமில்லை. பாப்பாத்தி மணையிலிருந்த நீலச் சட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். சட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாள். வெந்த கையால் அந்தச் சட்டையைத் தடவிக் கொடுத்தாள்.

"பழனீ, உன்ற பொண்டாட்டி போயிட்டாடா" என்றாள்.